வண்ணம் தீர்ந்தபோது: செரெப்ரியாக்கோவாவின் பென்சில் முகங்கள்

கேள்வி இதுதான்: ரஷ்ய ஓவியர் ஸினயீதா செரெப்ரியாக்கோவா என்றதும் வெளிச்சம் ததும்பும் தைல வண்ணப் படங்களே நினைவுக்கு வருகின்றன. அப்படியிருக்க, 1919க்கும் 1924க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வரைந்த உருவப்படங்களில் பென்சிலும் கரியும் செங்காவியும் இவ்வளவு இடம் பிடித்தது எப்படி? அவற்றைப் பெரிய ஓவியங்களுக்கான முன்வரைவுகள் என்று கொள்வதா, தனிப் படைப்புகள் என்று கொள்வதா?

தனிப் படைப்புகள் என்பதே என் பதில். சோவியத் ஆட்சியின் முதல் ஆண்டுகளில் நிலவிய தட்டுப்பாடுதான் அவரைப் பென்சிலிடம் கொண்டு சேர்த்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. அவர் ஏன் பென்சிலை எடுத்தார் என்பதற்குத் தட்டுப்பாடு காரணமாகலாம். எடுத்த பென்சில் அவர் கையில் ஏன் அப்படிப் பேசியது என்பதற்கு அது காரணமாகாது. அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

செரெப்ரியாக்கோவா 1884இல், இன்றைய உக்ரைனில் ஹார்க்கோவ் நகருக்கு அருகே உள்ள நெஸ்கூச்னயே என்னும் பண்ணையில் பிறந்தார். ‘சலிப்பில்லாத இடம்’ என்பது அந்தப் பெயரின் பொருள். தந்தை எவ்கேனி லான்செரே சிற்பி. மகளுக்கு இரண்டு வயதாகும் முன்பே இறந்துவிட்டார். தாய் எகத்தெரீனா, பெனுவா குடும்பத்துப் பெண், அவரும் வரைந்தவர். தாயின் தந்தை நிக்கலாய் பெனுவா கட்டடக் கலைஞர். தாய்மாமன் அலெக்ஸாந்தர் பெனுவா, ‘கலை உலகம்’ என்ற புகழ்பெற்ற குழுவின் மூளையாக இருந்தவர். அண்ணன் எவ்கேனி லான்செரே புத்தக ஓவியத்தில் பெயர் பெற்றவர். சுருங்கச் சொன்னால், சாப்பாட்டு மேசையில் பேச்சு ஓய்ந்தால் யாராவது ஒருவர் தாளை எடுத்து எதிரில் இருப்பவரை வரையத் தொடங்கும் வீடு அது. முறையான பயிற்சி என்று பார்த்தால், 1901இல் தெனீஷிவா பள்ளியில் ஓவியர் ரேப்பினிடம் சிறிது காலம், பிறகு ஓசிப் பிராஸின் பயிலகத்தில் இரண்டு ஆண்டுகள், 1905–06இல் பாரிஸின் கிராந்த் ஷோமியேர் பயிலகத்தில் ஒரு பருவம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டிலும் வயலிலும் கற்றது.

வயல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1915இல் தீட்டிய ‘அறுவடை’யிலும் 1917இல் தீட்டிய ‘துணி வெளுத்தல்’ ஓவியத்திலும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கோபுரம்போல் நிற்கும் குடியானவப் பெண்களை எல்லோரும் அறிவார்கள். அந்த ஒவ்வோர் உருவத்துக்கும் பின்னால் நெஸ்கூச்னயேப் பெண்களைப் பார்த்து வரைந்த கோட்டோவியங்கள் அடுக்கடுக்காக உள்ளன: குனியும் முதுகு, கதிர்க்கட்டைத் தூக்கும் தோள், துணியைப் பிழியும் மணிக்கட்டு. அவை உண்மையிலேயே முன்வரைவுகள்தாம். உடல் எப்படி எடையைத் தாங்குகிறது என்பதை அறிவதற்காக வரையப்பட்டவை. முகம் பல தாள்களில் ஒரு நீள்வட்டத்தோடு நின்றுவிடும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பிந்தைய தாள்களின் இயல்பு எளிதில் விளங்கும். அவற்றில் நிலைமை தலைகீழாகிறது: உடல் நான்கைந்து கோடுகளில் முடிந்துவிட, முகம் மட்டும் முழுமையாக நிற்கிறது.

இந்த மாற்றத்துக்கு நடுவே 1919ஆம் ஆண்டு இருக்கிறது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1909இல், கண்ணாடி முன் தலைவாரும் தன்னையே ‘ஒப்பனை மேசையில்’ என்ற ஓவியமாக அவர் தீட்டியிருந்தார். அடுத்த ஆண்டே மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் ஓவியக் காட்சியகம் அதை வாங்கியது. அந்தப் படத்தில் எதுவுமே குறைவில்லை: மெழுகுவத்திகள், ஊசிகள், மணிமாலைகள், வாசனைக் குப்பிகள், தோளிலிருந்து நழுவும் வெள்ளை உள்ளாடை, சிரிக்கும் கண்கள். 1919இல் கணவர் பரீஸ் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். நெஸ்கூச்னயே வீடு சூறையாடப்பட்டு எரிந்தது. முப்பத்து நான்கு வயதில், நான்கு குழந்தைகளோடும் தாயோடும், வருமானம் என்று எதுவும் இல்லாமல் அவர் ஹார்க்கோவில் நின்றார். அந்த ஆண்டு தீட்டிய ‘சீட்டு வீடு’ ஓவியத்தில் நான்கு குழந்தைகளும் மங்கிய உடைகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துகிறார்கள்; பொம்மை ஒன்று கவனிப்பாரின்றி மேசைமேல் கிடக்கிறது; யார் முகத்திலும் விளையாட்டின் மகிழ்ச்சி இல்லை.

தைல வண்ணம் கிடைப்பது அரிதாகி, கிடைத்தாலும் வாங்க இயலாமல் போனதால் கரிக்கும் பென்சிலுக்கும் மாறினார். 1920இல் ஹார்க்கோவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்களை வரைந்து பதிவுசெய்யும் வேலை கிடைத்தது. இதைப் பலர் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலை என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு சிறிதாகத் தோன்றவில்லை. தொல்பொருளை வரைபவருக்கு அழகூட்ட உரிமை கிடையாது. விளிம்பு உடைந்திருந்தால் உடைந்த விளிம்பைத்தான் வரைய வேண்டும். இருப்பதற்கு மேல் ஒரு கோடு போட்டாலும் அது பொய்யான பதிவாகிவிடும். அழகை மிகுத்துக் காட்டும் பழக்கம் உடைய ஒரு கைக்கு அது நல்ல கடிவாளமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனெனில் ‘பென்சில்’ என்ற ஒரே சொல்லில் நாம் அடக்குவதை ரஷ்ய ஓவியர்கள் பல சொற்களால் குறிக்கிறார்கள். நாம் எழுதப் பயன்படுத்துவது கிராஃபைட் பென்சில். அழுத்தித் தீட்டினால் அது சாம்பல் நிறத்தில் பளபளக்கும், பக்கவாட்டில் பார்த்தால் கருமை மறைந்து வெள்ளிபோல் மின்னும். ‘இத்தாலியப் பென்சில்’ என்று அவர்கள் சொல்வது வேறு. அது முற்காலத்தில் கறுப்பு மென்பாறையிலிருந்தும் பின்னர் எலும்புக் கரியைப் பசையோடு பிசைந்தும் செய்யப்பட்டது. எவ்வளவு அழுத்தினாலும் பளபளக்காது, வெல்வெட்டுத் துணிபோல ஒளியை உள்வாங்கிக்கொள்ளும். ‘சாங்குயின்’ என்பது இரும்புச் சத்துள்ள செங்காவிக் கட்டி. மனிதத் தோலின் சூட்டை ஒரே நிறத்தில் காட்டவல்லது. இவற்றோடு எரித்த மரக்கரியும், பாஸ்டல் என்னும் வண்ணப்பொடிக் கட்டியும் சேரும். அந்த ஆண்டுகளின் செரெப்ரியாக்கோவா தாள்களில் இவை தனித்தும் வருகின்றன, கலந்தும் வருகின்றன. ஒரு துணைச் செய்தி: அந்நாளைய ரஷ்யாவில் நல்ல பென்சிலே வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதாக இருந்தது. அமெரிக்க வணிகர் ஆர்மண்ட் ஹாம்மர் சோவியத் அரசிடம் உரிமம் பெற்று மாஸ்கோவில் பென்சில் தொழிற்சாலையை ஓடவிட்டது 1926இல்தான்; அதற்குள் செரெப்ரியாக்கோவா நாட்டைவிட்டே போய்விட்டிருந்தார். ஆகவே வண்ணத்தோடு ஒப்பிடும்போது மலிவு என்றாலும், பென்சிலும் அப்போது வீணடிக்கக்கூடிய பொருளாக இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காலத்துத் தாள் ஒன்றின் நல்ல அச்சுப் பிரதியை மேசையில் வைத்துக்கொண்டு நானே படியெடுத்துப் பார்த்தேன். தூங்கும் குழந்தையின் தலை. கையில் இருந்தது சாதாரண 2பி பென்சில். ஒரு மணி நேரத்தில் மூக்கு, இமை, உதடு எல்லாம் அளவு பிசகாமல் வந்துவிட்டன. ஆனால் குழந்தை தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. எங்கே தவறு என்று பிரதியை மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது. நான் கன்னத்தின் விளிம்பை நெற்றிப்பொட்டிலிருந்து மோவாய் வரை ஒரே கனத்தில் இழுத்திருந்தேன். அவருடைய கோடு நெற்றிப்பொட்டில், வெளிச்சம் படும் இடத்தில், இல்லவே இல்லை; கன்னத்தின் நடுவில் மெல்லிய இழையாகத் தொடங்கி, தலையணையில் கன்னம் அழுந்தும் இடத்தில் மட்டும் கறுத்துத் தடித்து, மோவாய்க்குக் கீழே மறுபடி கரைந்துவிடுகிறது. தலையின் எடை முழுவதும் அந்த ஒரு விரற்கடை நீளத் தடிப்பில்தான் இருக்கிறது. எடை இறங்கினால்தான் அது தூக்கம். நெஸ்கூச்னயே வயலில் கற்ற பாடம் இங்கே முகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று அப்போது எனக்குப் பட்டது. இன்னொன்று, நிழலை அவர் கோடு கோடாகக் கீறுவதில்லை. பென்சிலைச் சாய்த்துத் தாளின் சொரசொரப்பின் மேல் தடவுகிறார், அதனால் வெள்ளைப் புள்ளிகள் நிழலுக்குள்ளும் மிஞ்சி மூச்சுவிடுகின்றன. என் பளபளக்கும் 2பியில் அது நடக்கவே இல்லை. கரிப் பென்சிலுக்கு மாறிய பிறகே ஓரளவு வந்தது.

1920இன் இறுதியில் குடும்பம் பெத்ரோகிராடுக்கு (1924 முதல் லெனின்கிராட், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இடம்பெயர்ந்து, தாத்தா பெனுவாவின் பழைய வீட்டில் குடியேறியது. அது வீடுகளில் இருந்த கூடுதல் அறைகளை அரசு பிறருக்குப் பகிர்ந்தளித்த காலம். நல்வாய்ப்பாக இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாடகக் கலைஞர்கள். கலை வரலாற்றாளர் செர்கேய் எர்ன்ஸ்ட், ஓவியர் திமீத்ரி பூஷேன் ஆகியோர் நெருங்கிய வட்டத்தில் இருந்தார்கள். எர்ன்ஸ்டை 1921இலும் 1922இலும், பூஷேனை 1922இல் அவர் வரைந்தார். 1922இல்தான் செரெப்ரியாக்கோவாவைப் பற்றிய முதல் தனி நூலை எர்ன்ஸ்ட் வெளியிட்டார். எதிரில் அமர்ந்து தன்னை வரைபவளைப் பற்றித் தானும் எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் முகம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த உருவப்படங்கள் கூடுதல் சுவை தருகின்றன. ஹார்க்கோவ் காலத்துத் தோழி கலீனா தெஸ்லென்கோவையும் 1921இல் வரைந்திருக்கிறார். இவர்களில் எவரும் கூலி கொடுத்து உட்கார்ந்தவர்கள் அல்லர். வரைபவருக்கும் உட்காருபவருக்கும் இடையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்பது தலை சாய்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது.

அதே ஆண்டுகளில் அதே நாட்டில் பென்சில் உருவப்படம் வேறு பாதைகளிலும் ஓடியது. நாதன் ஆல்த்மன் 1920இல் கிரெம்ளினில் லெனினின் அறையிலேயே அமர்ந்து அவரை விரைவான கோடுகளில் வரைந்தார். ஐசாக் பிரோத்ஸ்கி கொமின்தெர்ன் என்ற கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளைத் தாள் தாளாக வரைந்தார். யூரி ஆன்னென்கோவ் எழுத்தாளர்களின் முகங்களைக் கூரிய பட்டைகளாகச் சீவி அடுக்கினார். எலிசவேத்தா குருக்லிக்கோவாவோ பென்சிலையே விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து, கறுப்புத் தாளில் கவிஞர்களின் நிழலுருவங்களை வெட்டினார். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒருவகையில் காலத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். செரெப்ரியாக்கோவா புதிய பாணிகளுக்கும் மாறவில்லை, சோவியத் ஆட்சியாளர்களின் முகங்களைத் தேடியும் போகவில்லை. அதனால் அவரைக் காலத்துக்கு முதுகு காட்டியவர் என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கழுத்து இளைத்திருப்பதும், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருப்பதும், உட்புறத்தில் இருந்தும் கனத்த உடைகளைக் களையாமல் அமர்ந்திருப்பதும் அந்தக் காலத்தின் பதிவுகள் இல்லையென்றால் வேறு எவை?

1921இல் மூத்த மகள் தாத்தா என்கிற தத்தியானா பாலே பள்ளியில் சேர்ந்தாள். (ரஷ்யச் செல்லப் பெயர் அது, நம் காதுக்கு வேறொருவரை நினைவூட்டுவதால் இனித் தத்தியானா என்றே எழுதுகிறேன்.) மகளை ஒட்டித் தாய்க்கும், பாலே நிகழும் மரீன்ஸ்கி அரங்கின் பின்புறக் கதவு திறந்தது. அந்த அரங்கை வடிவமைத்த அல்பெர்த்தோ காவோஸ் செரெப்ரியாக்கோவாவின் கொள்ளுத் தாத்தா. ஆனால் அவர் அங்கே போனது உடைமாற்றும் அறைகளுக்கு. காலணி நாடாவைக் கட்டக் குனிபவள், கண்ணாடி முன் புருவம் தீட்டுபவள், தன் முறைக்காகக் காத்திருந்து களைத்தவள் என்று மேடைக்கு முந்திய நிமிடங்களையே 1924 வரை தொடர்ந்து வரைந்தார். இவற்றில் பெரும்பகுதி பாஸ்டல். ஆனால் நன்றாகப் பார்த்தால் பாஸ்டலின் அடியில் எலும்புக்கூடாக நிற்பது கோடுதான். நிறம் அதன்மேல் தூவப்பட்ட பொடி. ஓரிடத்தில் நில்லாத உடலைச் சில நிமிடங்களில் பிடிக்க வேண்டிய இடத்தில் தைல வண்ணம் உதவாது, அது வேண்டிய அளவு கிடைத்திருந்தாலும்கூட. ஆகவே 1919இல் இல்லாமையால் எடுத்த கருவி 1922இல் வேலைக்கு ஏற்ற கருவியாகவே ஆகிவிட்டிருந்தது என்று சொல்லலாம். அந்த ஆண்டில் அவர் வரைந்த உருவப்படங்களில் மதுக் கடவுள் பாக்கஸின் வேடத்தில் நிற்கும் இளைஞன் கியோர்கி பாலஞ்சிவாத்ஸே பின்னாளில் நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்ஷீன் என்ற புகழ்பெற்ற பாலே அமைப்பாளர் ஆனவர். அதே ஆண்டு வரையப்பட்ட பாலே நடனக்காரி லீதியா இவானோவா 1924 ஜூனில் படகு விபத்தில் மூழ்கி இறந்தாள். பாலன்ஷீனும் நடனக்காரி தானீலவாவும் வேறு சிலரும் வெளிநாடு புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு.

குறையும் சொல்ல வேண்டும். செரெப்ரியாக்கோவாவின் கண்கள், அதாவது அவர் பிறருக்கு வரையும் கண்கள், கொஞ்சம் பெரிதாகிவிடும். பாதாம் வடிவத்தில், ஈரம் மின்ன, எல்லோரும் அவருக்கு உறவினர்போல் ஆகிவிடுவார்கள். இதற்கு ஒரு காரணம், சிறு வயதிலிருந்து அவர் அதிகமாக வரைந்த முகம் கண்ணாடியில் தெரிந்த தன் முகமே என்பது. தன்னையே மாதிரியாக்கிப் பழகிய கை மற்றவர்களிடமும் தன்னைக் கொஞ்சம் வைத்துவிடுகிறது. கூலிக்கு வரைந்த சீமாட்டிகளின் படங்களில், குறிப்பாகப் பாரிஸ் காலத்தில், இது தித்திப்பாகத் திகட்டுகிறது. ஆனால் பென்சிலோடு நின்றுவிட்ட பெத்ரோகிராட் தாள்களில் இந்தத் தித்திப்பு மிகக் குறைவு. கன்னத்தின் ரோஜா நிறமும் உதட்டின் செம்மையும் இல்லாதபோது பெரிய கண்கள் அழகாகத் தெரிவதைவிட விழிப்பாகத் தெரிகின்றன. தூங்கும் குழந்தைகளின் தாள்களை நான் உயர்த்திச் சொல்வதற்கும் இதுவே காரணம்: கண்கள் மூடியிருப்பதால் அவருடைய பழக்கமான வசியத்துக்கு அங்கே இடமே இல்லை, வடிவத்தை வைத்து மட்டுமே அவர் வேலை செய்தாக வேண்டும்.

இந்தத் தாள்களை நேரிலோ நல்ல அச்சிலோ பார்க்கக் கிடைப்பவர்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்லலாம். முதலில் முகத்தைப் பார்க்காதீர்கள். கழுத்தும் மேலாடையும் சேரும் இடத்தைப் பாருங்கள். முகத்தின் கவனமான நிழல் எந்த இடத்தில் கைவிடப்பட்டு வெறும் கோடாகிறது என்பது அங்கே தெரியும். முன்வரைவாக இருந்தால் அந்த எல்லை தற்செயலாக இருக்கும். இங்கே அது தீர்மானமாக இருக்கிறது: காலர் ஒரே வீச்சில், தோள் இன்னொரு வீச்சில், அதன் பிறகு வெறும் தாள். பிறகு கையொப்பத்தைப் பாருங்கள். ரஷ்யாவில் இருந்தவரை பெரும்பாலும் ரஷ்ய மொழியின் சிரில் எழுத்தில் ஒப்பமும் ஆண்டும். பாரிஸ் போன பிறகு லத்தீன் எழுத்து, பல தாள்களில் ஊர்ப் பெயரும் சேர்ந்து. முடியாத ஒன்றுக்கு ஓவியர் பொதுவாக ஆண்டு குறித்துக் கையொப்பமிடுவதில்லை. அவர் முடித்துவிட்டதாகவே கருதினார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

1924இல் நியூயார்க்கில் நடந்த ரஷ்யக் கலைக் கண்காட்சிக்கு அவருடைய 14 படைப்புகள் போயின, இரண்டு விற்றன. அந்தப் பணம் வழிச்செலவுக்கு உதவ, அதே ஆண்டு ஆகஸ்டில், விரைவில் திரும்பிவிடும் எண்ணத்தோடு அவர் பாரிஸுக்குப் புறப்பட்டார். திரும்பவில்லை. மகன் அலெக்ஸாந்தர் 1925இலும் இளைய மகள் காத்யா 1928இலும் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். மூத்த மகன் எவ்கேனியும் தத்தியானாவும் பாட்டியோடு லெனின்கிராடில் தங்கிவிட்டார்கள். 1928இலும் 1932இலும் மொரோக்கோ சென்றபோது, நீண்ட நேரம் உட்காராத தெரு மனிதர்களைப் பாஸ்டலில் அவர் அவ்வளவு விரைவாகப் பிடித்ததற்குப் பின்னால் உடைமாற்றும் அறைகளில் கழிந்த அந்த மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

வீட்டுக்குள் வரைந்த தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். காத்யா அவற்றில் வளர்கிறாள்: 1923இல் பொம்மைகளோடு இருப்பவள், பாரிஸில் இளம்பெண்ணாகிறாள், புத்தகத்தோடும் கூடையோடும் வெவ்வேறு தொப்பிகளோடும் தாய்க்கு மாதிரியாக அமர்கிறாள். 1921இல் ஹார்லெக்கின் என்னும் நாடகக் கோமாளியின் உடையில் நிற்கும் தத்தியானாவுக்கு ஒன்பது வயது. தாய் புறப்பட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு. அதன் பிறகு எதிரில் அமர்த்தி வரைந்த தாள் என்று எதுவும் இருக்க வழியில்லை. மகள் பாரிஸுக்கு வந்து தாயைப் பார்க்க அனுமதி கிடைத்தது 1960இல். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.